பன்னிரண்டு வருடச் சண்டை முடிகிறது

பிப்ரவரி 23, 2008

நேற்று கையெழுத்தாகிவிட்டது. அமெரிக்காவின் இரண்டு கார் பந்தயத் தொடர்களான இண்டிகாரும் சேம்ப் காரும் இனி ஒரே தொடர். 1996-ல் இண்டியானாபொலிஸ் பந்தயத் தளத்தின் தலைவர் டோனி ஜார்ஜ் தனியாக ஐஆர்எல் (இப்போதைய இண்டிகார்) தொடங்கி, அந்தத் தளத்தின் பெரிய பந்தயமான இண்டி 500-ன் 33 இடங்களில் 25 தன் தொடரில் ஓடுகிறவர்களுக்கே என்றாரே, அங்கே முற்றிய சண்டை இது. அதுவரை இருந்த கார்ட் தொடரின் (பின்னாளில் சேம்ப் கார்) அணிகள், இண்டி 500 நடந்த அதே மே 26 அன்று மிச்சிகனில் யுஎஸ் 500 என்று போட்டிக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள், அங்கே தொடக்கத்துக்கான பச்சைக் கொடியை நோக்கி வரும்போதே முன்வரிசை உரசிக்கொண்டு ஏகப்பட்ட கார்கள் நொறுங்கின. இண்டியில் பாதிப் பேர் புதுமுகங்கள். முதுகெலும்பு முறிவோடு ஓட்டி ஜெயித்த பட்டி லேசியரைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் கார்ட் பக்கம் நின்ற மைக்கேல் ஆண்ட்ரெட்டியும் அல் அன்சர் ஜூனியரும் இல்லாத இண்டி 500 அரைகுறைதான். இரண்டு பக்கமும் தோற்ற நாள் அது. இன்னொரு கார் பந்தயத் தொடரான நாஸ்கார் பக்கம் போன ரசிகர் கூட்டம் இன்னும் திரும்பவில்லை.

மார்ச் 30

ஒன்றான தொடரின் முதல் பந்தயம் ஹோம்ஸ்டெட்டில், ஜெயித்தவர் டிக்சன். சேம்ப் காரிலிருந்து வந்த அணிகளுக்குக் காரே புதுசு, பழக ஒரு மாதம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவனான கிரஹாம் ரேஹால் சோதனை ஓட்டத்தில் கார் அடிபட்டதால் பந்தயத்தில் இறங்கவே இல்லை. பாவம்.

ஏப்ரல் 7

அதே ரேஹால்! செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில், ஈரத்தில், 19 வயசில், தன் முதல் இண்டிகார் பந்தயத்திலேயே ஜெயித்துவிட்டான். கடைசியில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தவர் காஸ்ட்ரோநெவெஸ், இரண்டு முறை இண்டி 500 ஜெயித்தவர், அவருக்கும் வழி விடவில்லை. அப்பா பாபி ரேஹால் 1986-ல் இண்டி ஜெயித்தவர். சேம்ப் கார்க்காரர்கள் ஒப்புக்குச் சேர்க்கப்பட்டவர்கள் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் 21

தேதியை யாராலும் மாற்ற முடியாததால் ஒன்றான தொடருக்கு ஒரே வார இறுதியில் ஜப்பானின் மோட்டெகியிலும் கலிஃபோர்னியாவின் லாங் பீச் தெருக்களிலும் இரண்டு பந்தயம், இரண்டுக்கும் புள்ளிகள் உண்டு. மோட்டெகியில் மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது, அதனால் இரண்டுமே ஏப்ரல் 20 ஆகிவிட்டது. அங்கே டேனிகா பேட்ரிக் எரிபொருளைச் சிக்கனமாக வைத்திருந்து, கடைசிச் சுற்றுகளில் காஸ்ட்ரோநெவெஸைத் தாண்டினார். இண்டிகாரில் ஜெயித்த முதல் பெண். லாங் பீச்சில் ஜெயித்தவர் வில் பவர். சேம்ப் காரின் டர்போ கார்கள் ஓடிய கடைசிப் பந்தயம், அப்புறம் அவற்றுக்கு வேலையில்லை. கார் போகட்டும், லாங் பீச் போகக்கூடாது. கார்ட் வளர்த்த தெருப் பந்தயங்களை அடுத்த வருட அட்டவணையில் விட்டுவிட்டால் இந்த இணைப்பில் பாதிதான் நடந்ததாக அர்த்தம்.