முழுவதும் என்றால் எது எது?

1980 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்பு. கல்லூரி விளையாட்டுப் போட்டியைப் பற்றி நான் எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் ‘டோட்டலி’ (முழுவதும்) என்ற சொல் ஏழு இடங்களில் வந்திருந்தது. நாங்கள் சேர் என்று கூப்பிடும் ஆங்கில ஆசிரியர் ஏழையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, கீழே தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார்: “முழுவதும் என்றால் எது எது?”

எனக்கு விளங்கவில்லை. கொப்பியைத் தூக்கிக்கொண்டு அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றேன். “இருந்து கேளும்” என்று என்னை அனுப்பிவிட்டு, கரும்பலகையில் ஒரு பழைய காலத்துத் துப்பாக்கியை வரைந்தார். சுடும் விசைப்பொறி ‘லொக்’, தோளில் அண்டக் கொடுக்கும் மரக்கட்டை ‘ஸ்டொக்’, நீண்ட குழல் ‘பரல்’. மூன்றும் சேர்ந்தால் துப்பாக்கி முடிந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு வீட்டைச் சாமான்களோடு முழுதாக விற்றாலும் ‘லொக், ஸ்டொக் அன்ட் பரல்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது அங்கிருந்து வந்ததுதான் என்றார்.

அடுத்த நாள் ‘ஹூக், லைன் அன்ட் சிங்கர்’. மீனவர் ஊரான குருநகரில் இருந்து வந்த எங்கள் வகுப்பு நண்பன் சேருக்கு முன்னதாகவே சொல்லிவிட்டான்: தூண்டில், தங்கூசி, ஈயம். இரையை மட்டும் கவ்வாமல் ஈயக்குண்டு வரைக்கும் விழுங்கிய மீனைத்தான், ஒரு பொய்யை அப்படியே நம்பியவனுக்கு உவமையாக்கியிருக்கிறார்கள். அப்படி விழுங்கின மீனின் வயிற்றைக் கீறித்தான் தூண்டிலை எடுக்க வேண்டும் என்று அவன் சொன்னபோது சேர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மாணவன் வாயிலிருந்து வருவதை அப்படிக் கேட்கிற ஆசிரியர்களை நான் அதிகம் கண்டதில்லை.

அப்புறம் எங்களிடம் தமிழுக்குக் கேட்டார். ஆளாளுக்குக் கத்தினோம்: கூண்டோடு, பூண்டோடு, அடியோடு, வேரோடு. எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கடைசியில் வருகிற ‘ஓடு’க்கு அடியில் கோடு போட்டார். “ஆங்கிலக்காரன் துண்டு துண்டாக எண்ணிக் காட்டுகிறான். நாங்கள் ஒன்றைப் பிடித்து இழுக்கிறோம், மிச்சமெல்லாம் அதோடு வருகிறது. பார்த்தீர்களோ?” கொஞ்சம் பொறுத்து, ஆங்கிலத்திலும் ‘ரூட் அன்ட் பிராஞ்ச்’ என்று உண்டு, அது வேதாகமத்தில் மல்கியா தீர்க்கதரிசியின் வசனத்தில் இருந்து வந்தது, தமிழ் வேதாகமத்தில் ‘வேரையும் கொப்பையும்’ என்று இருக்கிறது என்றார். கொப்பு என்று எங்கள் வீட்டு முற்றத்துச் சொல்லாகவே அது இருந்தது எனக்குப் பெரிய சந்தோசம்.

என்னால் மறக்க முடியாதது ஆர்மோனியப் பாடம். ‘புல் அவுட் ஓல் த ஸ்டொப்ஸ்’ (எல்லாக் குமிழ்களையும் இழு, அதாவது முழு முயற்சியையும் போடு) என்ற தொடர் பாடப்புத்தகத்தில் வந்ததும், வகுப்பையே பிரார்த்தனை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒருவனைத் துருத்தி போடச் சொன்னார். எல்லாக் குமிழ்களும் உள்ளே இருந்தபோது பெட்டி மூச்சு முட்டியதுபோல முனகியது. ஒவ்வொரு குமிழாக வெளியே இழுத்தார். ஒரு கட்டையையும் தொடாமலே சுருதி எழுந்து மண்டபம் அதிர்ந்தது. தேவாலயத்துப் பெரிய ஆர்கனில் இப்படி எத்தனையோ குமிழ்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு வரிசைக் குழாய்களுக்குக் காற்றைத் திறந்துவிடும், எல்லாவற்றையும் இழுத்துவிட்டால் அந்தக் கருவியிடம் கொடுக்க வேறொன்றும் மிச்சமிராது என்றார். துருத்தி போட்டவன் வியர்த்துப்போய், “அப்ப இதுதானே சேர் முழுமூச்சு?” என்று கேட்டான். சேர் அவன் தோளில் தட்டினார். சொற்களைக் கைக்குள் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

முழு என்று பொருள்படும் ‘என்டயர்’ என்ற சொல், லத்தீனில் ‘தொடப்படாதது’ என்ற பொருள் கொண்ட ‘இன்டீஜர்’ இலிருந்து வந்தது. கணித பாடத்தில் நாங்கள் முழு எண் என்று படித்ததும் அதே சொல். ‘கொம்ப்ளீட்’ டுக்கு மூலப்பொருள் நிரப்புவது. நாங்கள் நிறைவு என்று சொல்வதும் அதைத்தான். இதையெல்லாம் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இல்லை.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 புத்தகங்கள் என்று சொல்வார்கள், ஓலைச்சுவடிகளும் போயின. அதற்குப் பிறகு நடந்த முதல் ஆங்கில வகுப்பில் யாரோ ஒருவன், “எல்லாம் முற்றாகப் போட்டுது சேர்” என்றான். சேர் நெடுநேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்: தான் இரவல் எடுத்துப் படித்த அகராதிகள், கட்டி வைத்திருந்த பழைய பத்திரிகைகள், ஒரு நிலப்படப் புத்தகம், அதில் கிழிந்து ஒட்டியிருந்த பக்கம், அது இருந்த தட்டு. மணி அடித்தும் நாங்கள் எழும்பவில்லை. முற்றாக என்ற ஒரு சொல்லால் அவற்றை மூடிவிட அவர் விடவில்லை. என் கட்டுரையில் எழுதிய கேள்வியை அவர் ஏன் கேட்டார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அவர் கிரிக்கெட் பார்க்கவும் வருவார். ஒருமுறை எங்கள் அணி படுமோசமாகச் சுருண்டபோது, “ஓல் அவுட் என்று அழாதையுங்கோ, பத்துப் பேர்தான் போனது, பதினோராவது ஆள் நொட் அவுட்” என்று ஆறுதல் சொன்னார். அதே ‘ஓல் அவுட்’ முழு மூச்சோடு முயல்வதையும் குறிக்கும் என்பதால் அது அவருக்கு மிகப் பிடித்த தொடர்.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு வேலையிடத்தில் ‘த ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்று கேள்விப்பட்டேன். சொல்லுக்குச் சொல் ஒன்பது யார், அதாவது ஒன்பது கெஜம்; முழுவதும் என்றுதான் பொருள். ஒன்பது யார், எதில் ஒன்பது யார் என்று கேட்டால் ஒருவர் விமானத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டி என்பார், இன்னொருவர் சீமெந்து லொறி என்பார், சேலை என்பாரும் உண்டு. சேர் காலமாகிச் சில வருடங்களுக்குப் பிறகு, 2012 இல், ஆய்வாளர்கள் 1912 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கிப் பத்திரிகையொன்றில் அதே தொடர் ‘ஆறு யார்’ என்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆறா ஒன்பதா என்பதே அந்தக் காலத்தில் நிலையாக இருக்கவில்லை. அந்தக் கெஜத்தால் எதை அளந்தார்கள் என்பது இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

அதைப் படித்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கொப்பியைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்போல இருந்தது.