சி-யா, இ-யா? ஒரு குதிரையால் போன ஒரு வாரம்

செஸ் ஆட்டத்தில் தோற்றது ஞாயிற்றுக்கிழமை. எங்கே தோற்றேன் என்று புரிய அடுத்த சனிக்கிழமை ஆகிவிட்டது. இதில் பாதிப் பழி என் கையெழுத்துக்கு.

ரேட்டிங் போட்டியின் ஐந்தாவது சுற்று. 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். அதனால் கடைசி நகர்வுவரை தாளில் எழுதியே ஆகவேண்டும். (பலகையில் நெடுவழிகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்.) எனக்குக் கறுப்பு. ராணி கேம்பிட் என்ற தொடக்கத்தில் சிப்பாய்களைப் பரிமாறிக்கொண்டு, வெள்ளை தன் பி-சிப்பாயைத் தள்ளிவந்து என் சி6 சிப்பாயைத் தனியாக நிற்கவைக்கும் பழைய கதை. பிஷப்கள் எல்லாம் பரிமாற்றம். 22-ஆவது நகர்வை ஆடப்போகும்போது என் குதிரை டி6-இல் நின்றது.

ஆட்டம் முடிந்து தாளின் அசலை நடுவரிடம் கொடுத்துவிட்டேன். அது போட்டி நடத்துபவர்களின் சொத்து. எனக்கு மிஞ்சியது மங்கலான கார்பன் பிரதி. அன்று இரவே நகர்வுகளைக் கணினியில் ஏற்றினேன். 22-ஆவது இடத்தில் 'குதிரை சி4'. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரல் கிட்டத்தட்டச் சமநிலை என்றது. பரவாயில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 26-ஆவது நகர்வு 'குதிரை ஜி5' என்றிருந்தது. கணினி ஏற்கவில்லை. சி4-இல் இருக்கும் குதிரை ஜி5-க்கு எப்படிப் போகும்?

நடுவில் ஏதோ ஒரு நகர்வை விட்டுவிட்டேன் என்றே இரண்டு இரவுகள் நம்பினேன். இல்லாத நகர்வை எல்லாம் புகுத்திப் பார்த்தேன். புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து, இரண்டு பஸ் மாறி, அசலைப் பார்க்கப் போட்டி நடத்தியவர்களிடம் போனேன். அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தாள்கள் மூட்டை கட்டியாகிவிட்டது சார். முதல் பத்து போர்டு என்றால் கணினியிலேயே இருக்கும். நீங்கள் எந்த போர்டு?" நாற்பத்து மூன்று. அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் பிரதியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். என் கையில் ஆங்கிலச் சின்ன எழுத்து சி-யும் இ-யும் இரட்டைப் பிள்ளைகள். நான் ஆடியது குதிரை இ4! டி6-இலிருந்து இரண்டு கட்டத்துக்கும் போகலாம் என்பதால் கணினிக்கும் சந்தேகம் வரவில்லை.

இ4 என்று திருத்தியதும் கணினியின் மதிப்பு வெள்ளைப் பக்கம் அரைச் சிப்பாய் அளவு சரிந்தது. அங்கே பெரிய தவறைக் காட்டும் சிவப்புக் குறி எதுவும் இல்லை. சிவப்பு 27-ஆவது நகர்வில்தான் வந்தது. அன்றைய உலகச் சாம்பியன் டிங் லிரென், குகேஷுக்கு எதிரான 2024 உலகப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் 55-ஆவது நகர்வாக யானையை எஃப்2-க்கு வைத்துத் தோற்றதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குமுன் மணிக்கணக்காகத் தாங்கிப் பிடித்ததை யார் பேசுகிறார்கள்? எனக்கும் 27-தான் கண்ணை உறுத்தியது.

அந்த 27 இதுதான். வெள்ளை ராணி ஏ4-இலிருந்து சி6-ஐக் குறிவைத்திருந்தது. என் யானை எஃப்6-இலிருந்து அதே வரிசையில் அதைக் காத்தது. வெள்ளை எஃப்4 தள்ளி ஜி5 குதிரையை விரட்டியது. நான் குதிரையை இ6-க்கு வைத்தேன், என் யானையின் பார்வையை நானே மறைத்து. மறதியில்லை, வலை விரித்ததாக நினைப்பு! ராணி சி6-ஐ எடுத்தால் குதிரை டி4-ஐ அடிக்கும். வழி திறந்து யானை ராணியைத் தாக்கும். ராணி எடுத்தபிறகுதான் உறைத்தது: நான் டி4-ஐ அடித்தால், அது ஏ8-இல் காவலின்றி நிற்கும் என் இன்னொரு யானையைச் செக்குடன் அடித்துவிட்டுப் போகும். அந்த யானையை டி8-க்கு இழுத்துக்கொண்டேன். போன சிப்பாய் போனதுதான். அந்த ஒரு சிப்பாயே கடைசியில் என்னைத் தோற்கடித்தது.

குதிரை திரும்ப இ4-க்கே போயிருக்கலாம். எஃப்-சிப்பாய் ஏறிவிட்டதால் அதை விரட்ட சிப்பாயே இல்லை. ஆனால் அதைவிட எரிச்சல், நான் தவறாகப் படித்த சி4-தான் சரியான நகர்வு. டி5 சிப்பாயின் துணையோடு அங்கே உட்கார்ந்து சி-வழியை அடைத்திருந்தால் சி6-இன் பலவீனத்தை வெள்ளை நேராகத் தொட முடியாது. நானோ ராஜாவைப் பிடிக்கிறேன் என்று ஆளில்லாத பக்கம் குதிரையை ஓட்டினேன்.

தாளில் கையெழுத்துப் போடும்போதே எதிராளியின் தாளோடு ஒத்துப்பாருங்கள். அரை நிமிட வேலை. முடிந்தால் வெளியே வந்ததும் அவரோடு உட்கார்ந்து ஒருமுறை ஆடிப்பாருங்கள். கணினியை மறுநாள் திறந்தால் போதும்.

எதிராளியைத் தெரிந்தவர் ஒருவர் மூலம் சனிக்கிழமை அவருடைய தாளின் படம் வந்தது. முத்து முத்தான எழுத்து. சந்தேகமில்லை, இ4. ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் இருவர் கடிகார நேரத்தையும் மனிதர் குறித்து வைத்திருந்தார். கழித்துப் பார்த்தேன். குதிரை இ6-க்கு நான் யோசித்தது 19 நிமிடம். குதிரை இ4-க்கு ஒரு நிமிடம்கூட இல்லை.