பின்னிணைப்பில் போன பெயர்கள்

விருதுப் பரிந்துரை எழுதிப் பழகியவர்களுக்குப் பின்னிணைப்பு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஊராட்சித் தீர்மான நகல், பத்திரிகைச் செய்தி, படங்கள், கணக்கு என்று படிவத்தில் இடம் கிடைக்காத எல்லாம் அங்கேதான் போகும். ஊர்க் குளமான ஊருணியைக் காப்பாற்றிய அக்கா ஒருவரை எங்கள் அறக்கட்டளையிலிருந்து ஒரு விருதுக்குப் பரிந்துரைத்தோம். அவரோடு ஊருணியில் இறங்கி வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியலும் அங்கேதான் போனது. வரைவைத் தமிழில் வாசித்து முடித்ததும் அக்கா கேட்டார்.

"எம் பேரு மட்டும் இருக்கு. மத்தவுக எங்கன?"

"பின்னிணைப்புல இருக்காங்கக்கா."

"பின்னால வச்சா படிப்பாகளா தம்பி?"

"படிப்பாங்க" என்றேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சொன்னது பொய்யில்லை. இத்தகைய விருதுகளில் முதல் சுற்றில் வந்து குவியும் பரிந்துரைகளை அலுவலர்கள் சிலர் சலித்தெடுப்பார்கள். அவர்கள் பார்ப்பது சுருக்கத்தையும் முதல் இரண்டு பக்கங்களையும்தான். தேறியவற்றை எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் அடுத்த சுற்றில் உட்காருவார்கள். அவர்கள் பின்னிணைப்பை வரிவரியாகப் படிப்பார்கள், பட்டியலில் உள்ளவர்களுக்கே போன் போட்டும் கேட்பார்கள். முதல் சுற்றைத் தாண்டினால் படிப்பார்கள், தாண்டாவிட்டால் அந்தப் பெயர்களை ஒருவரும் பார்க்கப்போவதில்லை. இதில் பாதியைத்தான் அன்றைக்கு அக்காவிடம் சொன்னேன். மீதிப் பாதியையும் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாரா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒப்புதல் கேட்காத விருதாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ரமோன் மகசேசே விருதுக்குப் பரிந்துரை ரகசியம், களத்துக்கு வந்து விசாரிப்பதும் சத்தமில்லாமல் நடக்கும். நோபல் அமைதிப் பரிசில் இன்னும் கெடுபிடி. நாடாளுமன்ற உறுப்பினர்கள், வரலாறு, சட்டம், தத்துவம் போன்ற துறைகளின் பேராசிரியர்கள், முன்பு பரிசு பெற்றவர்கள் என்று குறிப்பிட்ட சிலர்தான் பரிந்துரைக்கலாம். ஜனவரி 31 கடைசி நாள். பரிந்துரைக்கப்பட்டவர் பெயரை நோபல் குழு 50 ஆண்டுகளுக்கு வெளியிடாது. ஆகவே 'நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்' என்று காரைக்குடிச் சுவரில் போஸ்டர் பார்த்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ஸ்வீடனில் தரப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதுக்கு யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம், ஆனால் தன்னைத்தானே பரிந்துரைக்கக் கூடாது. இந்த மூன்றிலும் கட்டணம் கிடையாது. 'பதிவுக் கட்டணம்' கேட்டு வரும் சர்வதேச விருதுக் கடிதம் எதுவானாலும் அதை அப்படியே கிழித்துப் போட்டுவிடலாம்.

ஒரே பெயரை முன்னே வைத்ததற்குக் காரணம் இருந்தது. படிவம் கேட்டதே ஒருவரைத்தான். எந்தப் பிரச்சினையை எடுத்தார், என்ன முடிவெடுத்தார், அவர் இல்லாவிட்டால் எது நடந்திருக்காது என்று ஒவ்வொரு கேள்வியும் ஒருமையில் வரும். அங்கே 26 பேரை நிறுத்தினால் 'இதில் தலைமை யார்?' என்று ஓரத்தில் குறித்துத் தள்ளிவிடுவார்கள். நீர்நிலை வேலைக்கு முன்னுதாரணமும் அப்படித்தான். ராஜஸ்தானின் அல்வரில் ஜோஹட் என்னும் தடுப்பணைக் குட்டைகளை ஊர் ஊராக மக்கள்தான் வெட்டினார்கள். 2001-இல் மகசேசே விருதும், 2015-இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசும் ராஜேந்திர சிங் பெயரில் வந்தன. அவர் தகுதி குறித்து எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. விருது ஒரு முகத்தைத் தேடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். 1958-இல் வினோபா பாவேயில் தொடங்கி இத்தனை இந்தியர்களுக்கு மகசேசே கிடைத்திருக்கிறது, ஆனால் ஓர் இந்திய அமைப்புக்கு அது கிடைக்க 2025 வரை ஆனது. பெண் குழந்தைகளைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவரும் 'எஜுகேட் கேர்ள்ஸ்'தான் அந்த முதல் அமைப்பு.

அமைப்புகளுக்கு மட்டுமே தரும் பரிசுகளும் உண்டுதான். கான்ராட் ஹில்டன் மனிதாபிமானப் பரிசு தனிநபருக்குக் கிடையாது. ஊருணிக் குழுவை அந்த வழியில் அனுப்பலாமே என்று கேட்கலாம். குழு பதிவானதே இல்லை. வெளிநாட்டுப் பணம் வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். பொதுவாக அதற்கு மூன்று ஆண்டு செயல்பட்டிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவு காட்ட வேண்டும், பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். மண்வெட்டியும் கூடையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து வேலை செய்தவர்கள் 15 லட்சத்துக்கு எங்கே போவார்கள்? எங்கள் அறக்கட்டளை பெயரில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. தனிநபர் பரிசாக வந்தாலும், மத்திய அரசு ஒப்புதல் தந்த விருதாக இருந்தால்தான் வருமான வரி விலக்கு. எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் ஒரு பெயரில்தான் வந்து நிற்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் சரிதான். ஆனால் இதில் ஒன்றையும் அக்காவிடம் சொல்லவில்லையே என்று உடனே மனசு திருப்பிக் கேட்கிறது.

எங்களிடம் இருந்த ஆதாரங்களில் மிகச் சிறந்தது அவருடைய நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு, அட்டை பிய்ந்து நூலால் தைத்தது. ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி ஊருணிப் படித்துறைக்குப் போய், தண்ணீருக்கு மேல் எத்தனை படி தெரிகிறது என்று எண்ணி எழுதியிருக்கிறார். 'தை 1, 4 படி தெரியுது. பங்குனி 1, 9 படி.' எதிர்ப்பக்கத்தில், அந்த மாதம் வேலைக்கு வந்தவர்கள் பெயர். படி உயரத்தை ஒருமுறை அளந்துவிட்டால் போதும், நோட்டு முழுக்க நீர்மட்டக் கணக்காகிவிடும். பொறியாளர் எவரும் மறுக்க முடியாத சான்று. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எழுதுகிறவர் தன் பெயரை எழுதவில்லை. ஒரு பக்கத்திலும் இல்லை. தலைமை இவர்தான் என்று நாங்கள் சொல்ல, நாங்கள் கொடுத்த ஆதாரத்தில் இவரைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். கையெழுத்து இவருடையதுதான் என்று ஊராட்சித் தலைவரிடம் சான்று வாங்கி ஒட்ட வேண்டியதாயிற்று.

கொள்ளளவு விஷயத்தில் அறங்காவலர் அண்ணனோடு தனி வாதம். மேல் விளிம்பின் நீள அகலத்தை ஆழத்தால் பெருக்கி ஒரு பெரிய எண் வைத்திருந்தார். ஊருணிக் கரை சரிவானது, அப்படிப் பெருக்கக் கூடாது. மேலே 40 மீட்டர் சதுரம், அடியில் 30 மீட்டர் சதுரம், ஆழம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அவர் கணக்கில் 48 லட்சம் லிட்டர் வரும். உள்ளபடி 37 லட்சம். 11 லட்சம் லிட்டர் காற்றில் நிற்கும். விசாரிக்க வருகிறவர் இந்த ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் நோட்டையும் நம்பமாட்டார். அண்ணன் ஒத்துக்கொண்டார். பெயர் விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை. படித்துறைக் கல்லைக் காட்டி, "கட்டுனவுக வீட்டுப் பேரு இதுல இருக்கு. தோண்டுனது நூறு பேரா இருக்கும், யாரு பேரு இருக்கு? ஒரு பேருதான் நிக்கும்" என்றார். செட்டிநாட்டில் எந்த ஊருணிக் கரையில் நின்று பார்த்தாலும் அவர் சொன்னது மெய்தான். அன்றைக்கு அது எனக்குச் சாதகமாக இருந்தது. இப்போது யோசித்தால், அக்கா கேட்டதும் அந்தக் கல்லைப் பற்றித்தானோ என்று தோன்றுகிறது.

இன்னொரு விதமாகவும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அக்கா இல்லாவிட்டால் அந்த ஊருணி பாழாகியிருக்கும். பொக்லைன் வந்து தூர் வாரிய வருஷம், 'இன்னும் நாலடி தோண்டுனா இன்னும் தண்ணி நிக்கும்' என்று ஊரே சொன்னபோது தடுத்தவர் அவர் ஒருவர்தான். மேலே படிந்த வண்டலை மட்டும்தான் எடுக்க வேண்டும். அடியில் இருக்கும் களிமண் படிவைக் கிழித்தால் பெய்த மழை பங்குனிக்குள் மண்ணுக்குள் இறங்கிப் போகும். பல ஊர்களில் தூர் வாரிய மறுவருஷமே ஊருணி வற்றுவது இதனால்தான். ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் சீமைக் கருவேலத்தை வெட்டினால் போதாது, மறுபடி தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும் என்று நின்றதும் அவர்தான். இது தலைமை இல்லாமல் வேறென்ன? ஆகவே அவர் பெயரை முன்னே வைத்ததில் தவறில்லை. நானே இதைச் சொல்லி முடிக்கும்போது அவர் குரல் வருகிறது: வேரோடு எடுத்தது யார்? கன்று மறுபடி முளைக்காமல் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டது ஆடு மேய்க்கிற பிள்ளைகள். பட்டியலின் கடைசியில் இருக்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதங்களும் இந்தக் கேள்வியைத்தான் வேறு மாதிரி எழுப்பின. கடிதம் தருகிறவர் உறவினராகவோ, நம்மிடம் சம்பளம் வாங்குகிறவராகவோ இருக்கக் கூடாது. எத்தனை வருடப் பழக்கம், எதை நேரில் பார்த்தார் என்று எழுத வேண்டும். நாமே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் எல்லாக் கடிதத்திலும் ஒரே சொற்றொடர் வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எழுதித் தரவில்லை, அவரவரே எழுதினார்கள். வந்த கடிதங்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அக்காவைப் பற்றி எழுதியதைவிடக் குழுவைப் பற்றி எழுதியதே அதிகம். நேர்மையான கடிதம். அதை வைத்தால் படிவத்தின் ஒருமைக்கு அது ஒத்துவராது. வைத்தோம். பெயர்களுக்கு இடமில்லை என்று சொன்ன நானே இந்தக் கடிதத்தை விடக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தேர்வானால்தான் தகவல் வரும், இல்லாவிட்டால் கடிதம் வராது. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. அதே பரிந்துரையைப் புதுப்பித்து மறுபடி அனுப்பலாம் என்று விதியில் இருக்கிறது. இந்த வருஷத்துப் படிக் கணக்கைச் சேர்த்துத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். முதல் பகுதிக்கு 500 சொல் வரம்பு. 26 பெயர்களும், யார் என்ன செய்தார்கள் என்ற குறிப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய 80 சொல் ஆகும். எதை எடுப்பது? களிமண் படிவைப் பற்றிய பத்தியை எடுக்கலாம் என்கிறார் அண்ணன். அதை எடுத்தால் தண்ணீர் ஏன் நின்றது என்று படிக்கிறவருக்கு விளங்காது. இந்தத் தடவை அக்காவிடம் இரண்டு வரைவையும் வாசித்துக் காட்டுவதாக இருக்கிறோம், எந்தப் பக்கத்தை யார் படிப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லி.