.308 கூடுகளுக்கு ரீசைசிங் டை: இதுவரை செய்து பார்த்தது

சுட்டு முடித்த பித்தளைக் கூடு, தான் வெடித்த சேம்பரின் (குழலில் தோட்டா அமரும் அறை) அளவுக்கு விரிந்து நிற்கும். அதை மறுபடி தோட்டாவாக்க எவ்வளவு சுருக்க வேண்டும்? டை, அதாவது கூட்டை உள்ளே அழுத்திச் சுருக்கும் அச்சு, வாங்கப் போகிறவர் இந்தக் கேள்விக்கு முதலில் தன் துப்பாக்கியிடம் பதில் கேட்க வேண்டும், அதன் பிறகுதான் கடைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என்னுடையது ரெமிங்டன் 700 துப்பாக்கி, .308 வின்செஸ்டர் தோட்டா, போல்ட் ஆக்‌ஷன். டெக்சஸில் தாள் இலக்குகளைச் சுடுவதற்கு மட்டும்.

தொடங்கியது லீ காலட் நெக் டையில். கூட்டின் கழுத்தை (புல்லட்டைப் பிடிக்கும் வாய்ப்பகுதி) மட்டும் பிடித்து, நடுவிலுள்ள மாண்ட்ரல் என்ற கம்பி மீது அழுத்தும். லூப் (உராய்வைக் குறைக்கும் மசகு) பூச வேண்டியதில்லை, கழுத்தும் நேராக வரும். விலைக்கு அருமையான கருவி. ஆனால் அதே கூடுகளைத் திரும்பத் திரும்பச் சுட்டபோது கூட்டின் உடலும் தோளும் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) சேம்பரை நிறைத்துவிட்டன. போல்ட்டை (சேம்பரை மூடும் தாழ்ப்பாள்) மூடவே கை பலம் தேவைப்பட்டது. பலம் போட்டு மூடினால் என் தோளில் பதிந்த துப்பாக்கி அசையும், பார்வை விலகும். கழுத்து நேராக இருந்த லாபம் அங்கேயே போய்விடுகிறது.

அதனால் கழுத்து, தோள், உடல் எல்லாவற்றையும் சுருக்கும் ஃபுல் லெங்த் டைக்கு வந்தேன். கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கி, இன்னும் கொஞ்சம் திருகச் சொல்கிறது அதன் குறிப்பு. எந்த .308 துப்பாக்கியிலும் நுழைய வேண்டும் என்றால் அது சரிதான். என் சேம்பருக்கு அது அதிகம். அடியிலிருந்து தோள் வரையான நீளத்தை, தோளில் பொருந்தும் கம்பாரேட்டர் துண்டு மாட்டிய காலிப்பர் அளவுகோலில் பார்த்தேன்: சுட்ட கூடு 1.632 அங்குலம், குறிப்புப்படி சைஸ் செய்தது 1.625. (அடியில் இருக்கும் பழைய பிரைமரை, அதாவது தீ மூட்டும் மூடியை, தட்டி எடுத்துவிட்டு அளக்க வேண்டும், அது துருத்திக்கொண்டிருந்தால் எண் பொய்யாகும். வேறொருவரின் கம்பாரேட்டர் எண்ணோடு ஒப்பிடவும் முடியாது.) அங்குலத்தின் ஆயிரத்தில் ஏழு பங்கு, அதாவது ஏழு தௌ, தோள் பின்னால் போயிருக்கிறது. அடுத்த முறை சுடும்போது பித்தளை அந்த ஏழையும் நீண்டு ஈடுகட்டும். நீள்வது அடிப்பாகத்துக்குச் சற்று மேலே. சுவர் அங்கே மெலிந்துகொண்டே போய், ஒருநாள் கூடு இரண்டாகப் பிரியும். வெளியே பளபளப்பான வளையம் தெரிந்தாலோ, நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுக்கும்போது பள்ளம் தட்டினாலோ, அந்தக் கூட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

போல்ட் துப்பாக்கிக்கு இரண்டு தௌ போதும். அதனால் டையை மேலே ஏற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். மிகவும் ரசித்த கட்டம் இதுதான். முதலில் வந்த எண் 1.634. சுட்ட கூட்டைவிட நீளம்! களிமண்ணைக் கைக்குள் இறுக்கினால் மேலே பிதுங்குமே, அதுபோல டை உடலைப் பக்கவாட்டில் நெருக்கும்போது தோள் முன்னால் ஏறுகிறது. டையின் உள்தோள் வந்து தொட்ட பிறகுதான் அது திரும்பி இறங்கும். இடையிலேயே நிறுத்தினால், சைஸ் செய்த கூடு சைஸ் செய்யாததைவிட இறுக்கமாக நுழையும்.

டையின் மரை 7/8-14. ஒரு முழுச் சுற்றுக்கு 71 தௌ இறங்கும். பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு. அப்படி இறக்கி 1.630-இல் லாக் ரிங்கை இறுக்கினேன். போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் (பிரைமரை அடிக்கும் ஊசி) எஜெக்டரையும் (கூட்டை வெளியே தள்ளுவது) கழற்றிவிட்டு வெற்றுக் கூட்டை வைத்துப் பார்த்தபோது, கைப்பிடி தன் எடையிலேயே கீழே இறங்கியது. எனக்கு இதைவிட நம்பகமான சோதனை தெரியாது.

அடுத்தது கழுத்து. சாதாரண டை கழுத்தை அதிகமாக நசுக்கி, பிறகு எக்ஸ்பாண்டர் பந்தை இழுத்து விரிக்கிறது. அந்த இழுப்பில் கழுத்து கோணலாகலாம். கழுத்துக்கான அளவை மாற்றக்கூடிய வளையம் (புஷிங்) கொண்ட ரெட்டிங் டைப் எஸ் புஷிங் டைக்கு மாறியது அதற்காகத்தான். கணக்கு எளிது: புல்லட் .308, சுவர் இருபக்கமும் 15 தௌ, ஆக நிரப்பிய தோட்டாவின் கழுத்து .338. அதில் இரண்டு குறைத்து .336 புஷிங். சுவர் கனம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், கூடு மாறினால் மறுபடி அளந்தே ஆக வேண்டும்.

லூப் விஷயத்தில் கை அடக்கம் வேண்டும். இம்பீரியல் வாக்ஸை விரல் நுனியில் தொட்டு உடலில் மட்டும் மெல்லத் தடவுகிறேன். தோளில் அதிகமாகச் சேர்ந்தால் பள்ளம் விழும். உடலில் குறைந்தால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். சைஸ் செய்தபின் மொத்த நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டியவற்றை 2.005-க்கு வெட்டுகிறேன்.

இப்போது கையில் இருக்கும் பிரச்சினை: பலமுறை சுட்ட கூடுகள் ஒரே டை அமைப்பில் 1.629 முதல் 1.632 வரை சிதறி வருகின்றன. பித்தளை இறுகி, சைஸ் செய்தபின் திரும்ப எழும்புகிறது என்று நினைக்கிறேன். பாதியை மட்டும் கழுத்திலும் தோளிலும் சூடுகாட்டி மென்மையாக்கி (அனீல் செய்து), டையைத் தொடாமல் இரண்டு பாதிகளையும் அளக்கப் போகிறேன்.