இரண்டு கன்னத்திலும் சேர்த்துப் பத்து ஊசி

மணப்பெண் அலங்காரத்தில் எனக்கு இது பதினாறாவது வருடம். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு சின்ன அறை வைத்திருக்கிறேன். முகூர்த்த நாள் என்றால் அதிகாலை இரண்டரை மணிக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு யீஷூன், உட்லண்ட்ஸ், பொங்கோல் என்று ஏதாவது ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் நிற்பேன். மற்றவர்கள் முகத்தை அரை அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் தொழில். என் முகத்தை அப்படிப் பார்த்தது போன ஆவணியில்தான். பெண்ணின் சித்தி ரிங் லைட்டைத் திருப்பும்போது வெளிச்சம் முழுக்க என் மேல் விழுந்தது, எதிரே கண்ணாடி. கன்னத்தில் ஃபவுண்டேஷன் திட்டுத் திட்டாகப் பிரிந்து நின்றது. பதினெட்டு வயதில் வந்த பருவின் குழிகளில் எல்லாம் போய்த் தேங்கியிருந்தது. அன்று வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது முழுக்க அதே நினைவு.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. நாள் முழுக்க ஏர்கான் அறை. தோல் வறண்டு, சொரசொரப்பாகி, பவுடர் ஒட்டாத நிலைக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் வாயில் அடிக்கடி கேட்ட ‘ஸ்கின் பூஸ்டர்’ ஊசி பற்றி அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன்.

அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் இதை ‘வெள்ளையாக்கும் ஊசி’ என்றே நினைக்கிறார்கள். பெரும்பாலான பூஸ்டர்களில் இருப்பது ஹைலூரானிக் அமிலம். 1934-இல் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இருவர் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழில் இருந்து முதன்முதலில் பிரித்தெடுத்த பொருள் அது. நம் உடம்பே அதைச் செய்கிறது. எழுபது கிலோ எடை உள்ள ஒருவர் உடம்பில் சுமார் 15 கிராம் இருக்கும், அதில் பாதி தோலில்தான். தினமும் மூன்றில் ஒரு பங்கு சிதைந்து, புதிதாக ஊறுகிறது. தோலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. வயது ஏற ஏற அது குறைகிறது. அதே பெயரைப் போட்டு விற்கிற கிரீம் பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். ஊசி அதற்கும் கீழே கொண்டுபோய் வைக்கிறது. மூக்கையும் தாடையையும் எடுப்பாக்கப் போடுகிற ஃபில்லர் கெட்டியாக ஓர் இடத்தில் நிற்கும். பூஸ்டர் இளகிப் பரவும். இதில் எங்கேயும் தோலுக்கு நிறம் தருகிற மெலனினைத் தொடுகிற விஷயமே இல்லை. கறுப்பு கறுப்பாகத்தான் இருக்கும், வறட்சி போவதால் வெளிச்சம் ஒரே சீராகப் பட்டுத் தெளிவாகத் தெரியும். ‘நிறம் கூடிவிட்டது’ என்று பலர் சொல்வது இந்தத் தெளிவைத்தான்.

முதலில் போன இடத்தில் டாக்டரைப் பார்க்கவே விடவில்லை. விற்பனைப் பெண் ஒருவர் கையில் டேப்லெட்டோடு வந்து உட்கார்ந்தார். நான்கு தடவைக்கு ஒரு பேக்கேஜ், 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் ஒரு ஃபேஷியல் இலவசம். “சிஸ்டர், ரெண்டு ஷேடு ஏறிடும்” என்றார். பதினாறு வருடமாக ஷேடு பார்த்துப் பிழைக்கிறவளிடம் அப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னிடம் வருகிற இருபத்து நான்கு வயதுப் பெண்கள் இப்படித்தானே பணத்தைக் கொட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுந்து வந்தேன்.

இரண்டாவதாக நொவீனா பக்கம் ஓர் அம்மா டாக்டர். போவதற்கு முன் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. இங்கே இந்த ஊசியைப் பதிவு பெற்ற மருத்துவர்தான் போட வேண்டும், ஃபேஷியல் கடையில் போட அனுமதி கிடையாது. கிளினிக் விளம்பரத்தில் ‘முன், பின்’ படம் போடவும் தடை. அதனால் வாட்ஸாப்பில் அப்படிப் படம் அனுப்பி அழைக்கிற இடத்துக்குத் தயவுசெய்து போகாதீர்கள்.

அந்த டாக்டர் அரை மணி நேரம் கேள்விதான் கேட்டார். காது குத்திய இடத்தில் தழும்பு தடித்ததா? பிறந்தவுடன் தோளில் போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு எப்படி இருக்கிறது? நம் மாதிரித் தோலில் கெலாய்டு என்கிற தடித்த தழும்பு வரும் வாய்ப்பு அதிகம், அதைப் பார்க்காமல் ஊசியை எடுக்க மாட்டேன் என்றார். உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருமா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்டா, மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுகிறாயா? சாப்பிட்டேன், கன்றிப்போகாமல் இருக்க ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்.

அவர்தான் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் பற்றிச் சொன்னார். வெயில் பட்டால் தோல் சிவக்கிறதா, கறுக்கிறதா என்று வகை பிரிக்கிற முறை அது. 1975-இல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் அதை உண்டாக்கியபோது வெள்ளைத் தோலை மனதில் வைத்து நான்கு வகை மட்டும்தான். நம்மில் பெரும்பாலோர் வருகிற 5, 6 பிற்பாடு சேர்த்தவை. அதைக் கேட்டபோது மனசுக்குள் என்னவோ செய்தது. ஏனென்றால் நமக்கு ஊசியில் இருக்கிற பெரிய கவலையே வேறு. ஒரு கீறல், ஒரு கன்றல், ஒரு பரு, எது பட்டாலும் நம் தோல் அங்கே கறுப்பை ஊற்றி ஞாபகம் வைத்துக்கொள்ளும். மாசக்கணக்கில் போகாது. “ஊசி பூஸ்ட் பண்ணும், ஆனா ஊசிக்காயம் உனக்கு ஒரு புள்ளியை விட்டுட்டுப் போகலாம், அதுக்குச் சம்மதமா” என்று அவர் கேட்டதை நான் மறக்கவே மாட்டேன்.

ப்ரோஃபைலோ என்கிற ஹைலூரானிக் அமில பூஸ்டர் போட்டுக்கொண்டேன். ஒரு தடவைக்கு 780 வெள்ளி, 9 சதவீத ஜிஎஸ்டி தனி. அழகு சிகிச்சை என்பதால் மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் எடுக்க முடியாது. மரப்பு கிரீம் பூசி நாற்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். 2 மில்லி மருந்து, அதில் 64 மில்லிகிராம் ஹைலூரானிக் அமிலம். பக்கத்துக்கு ஐந்து இடம்: கன்ன எலும்பு, மூக்கோரம், காதுக்கு முன்னால், மோவாய், தாடை மூலை. மோவாயில்தான் உயிர் போனது. தேன் மாதிரிக் கெட்டியான மருந்து உள்ளே போகும்போது ஓர் அழுத்தம். கண்ணாடியில் பார்த்தால் பத்து கொசுக்கடி. மறுநாள் காலை பால் காய்ச்சப் போனபோது எல்லாம் அமுங்கியிருந்தது. கிளம்பும் முன் டாக்டர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்: தோல் வெளுத்துப்போனாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ, பார்வை மங்கினாலோ அவருக்காகக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் மருந்து ரத்தக் குழாயை அடைத்தால் நேரம் மிக முக்கியம். அந்தத் தாளை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது தடவை ஒரு மாதம் கழித்து. அது தைப்பூசத்துக்கு ஐந்து நாள் முன்னால் அமைந்துவிட்டது. இடது தாடையில் ஓர் இடம் கன்றி நீலம் பாய்ந்திருந்தது. வெயிலில் போகாதே என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆனால் அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக வேண்டிக்கொண்ட பால்குடம் அது. சீனிவாசப் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல், அதுவும் காலை பதினொரு மணி வெயிலில். வியர்வையில் சன்ஸ்க்ரீன் எப்போதோ போயிருந்தது. கன்றிய நீலம் போய் அதே இடத்தில் பழுப்பு ஒன்று உட்கார்ந்தது. மறைய இரண்டரை மாதம் ஆனது. நேர்த்திக்கடனை நான் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன், ஊசியைத்தான் தள்ளிப்போட்டிருக்க வேண்டும். தேதி குறிக்கும்போது காலண்டரைப் புரட்டாதது என் தவறு.

அந்தப் பழுப்புக்காக இரும்பு ஆக்ஸைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்க்ரீனுக்கு மாறினேன். புற ஊதாக் கதிர் மட்டும் அல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் நம் தோலைக் கறுக்க வைக்கும், மங்கு இருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக. வெள்ளை சன்ஸ்க்ரீன் பூசிச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது என்று நிறுத்திவிட்டவர்கள் இதை ஒருமுறை முயன்று பாருங்கள்.

பெண்கள் இப்போது என்னிடம் இதைப் பற்றிக் கேட்டால் முதலில் கல்யாணத் தேதியைக் கேட்கிறேன். நான்கு மாதம் இருந்தால் டாக்டரிடம் போய்ப் பேசு என்கிறேன். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் வேண்டவே வேண்டாம். நன்றாகத் தண்ணீர் குடி, தூங்கு, முகத்தில் புதிதாக எதையும் வைக்காதே, மிச்சத்தை என் கை பார்த்துக்கொள்ளும். போன மாதம் ஒரு பெண் வந்தாள், சுத்த சைவக் குடும்பம், முட்டைகூடத் தொட மாட்டார்கள். ரெஜுரான் என்கிற இன்னொரு பூஸ்டர் போட முன்பணம் கட்டிவிட்டேன் அக்கா என்றாள். அது சால்மன் மீனின் டிஎன்ஏவில் இருந்து எடுப்பது என்று நான் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. யாரும் அவளுக்குச் சொல்லவே இல்லை. மீன் ஒவ்வாமை உள்ளவர்களும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹைலூரானிக் அமிலம் நுண்ணுயிரை நொதிக்க வைத்துச் செய்வதும் கிடைக்கிறது, ப்ரோஃபைலோ அப்படித்தான் என்று எழுதிக் கொடுத்தேன். பேசிப் பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டாள்.

என் முகத்துக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஆழமான பருக் குழிகள் அப்படியே இருக்கின்றன, அவற்றுக்கு வேறு சிகிச்சை வேண்டும். சொரசொரப்பு போய்விட்டது. கன்னத்தைத் தொட்டால் விரல் வழுக்குகிறது. ஆறு மாதத்துக்குப் பக்கமாகியும் பெரும்பகுதி நிற்கிறது, இனி மெல்ல இறங்கும் என்று தெரியும். அம்மாவிடம் செலவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து என் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கலரு மாறலியே” என்றாள். மாறலம்மா, அதுக்குப் போடல என்றேன். மேக்கப் பெட்டியைத் திறந்து என் ஃபவுண்டேஷன் பாட்டிலைக் காட்டினேன். ஏழு வருடமாக வாங்குகிற அதே ஷேடு. முன்பு மூன்று அழுத்து அழுத்தினால்தான் முகம் மூடும், இப்போது ஒன்றே போதுகிறது.