31 ஆம் நாளுக்குள் ஐயாவின் 92 வருடம்

செத்தவரின் உடலைப் பார்வைக்கு வைத்திருக்கும் மண்டபத்தில், பேரப்பிள்ளைகளை ஏதாவது கதைக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பல்கலைக்கழகம் போகிற பிள்ளை ஒன்று முன்னுக்கு வந்து, "அப்பப்பா எங்களைப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வருவார், வழியில டோனட் வாங்கித் தருவார், அம்மாட்டச் சொல்லக் கூடாது எண்டுவார்" என்கிறது. மண்டபம் முழுக்கச் சிரிக்கிறது. அடுத்த வசனம் வரவில்லை. பிள்ளை அழுதுகொண்டு போய் இருந்துவிடுகிறது. பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. அதற்குத் தெரிந்த அப்பப்பா எழுபது வயதுக்குப் பிறகு பனிச்சப்பாத்தோடு நடந்தவர். அதற்கு முந்திய காலத்தை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் இது திரும்பத் திரும்ப நடக்கிறது, ஒவ்வொரு முறையும் நெஞ்சில் குத்துகிறது. அந்தக் காலத்தை 31 ஆம் நாள் நினைவுப் புத்தகத்தில் எப்படி எழுதிவைப்பது என்பதுதான் இந்தக் குறிப்பு.

செத்தவீட்டு ஒழுங்குகள் எங்களுக்கு இங்கே கைவந்துவிட்டன. மண்டபம் பிடிப்பது, மரண அறிவித்தல் போடுவது, குருக்களுக்குச் சொல்லுவது எல்லாம் ஒரு பின்னேரத்துக்குள் முடிகிறது. சாம்பலை எங்கே கரைப்பது என்ற தடுமாற்றமும் போய்விட்டது. ஒன்ராறியோவில் ஆளில்லாத அரச நிலத்திலும் அரச நிலத்தின் மேல் நிற்கிற நீரிலும் தனி அனுமதி இல்லாமலே கரைக்கலாம். ஆனாலும் ஏரிக்கரையில் நிற்கும்போது ஊரில் சாம்பல் கரைக்கிற கீரிமலைதான் மனதில் ஓடுகிறது. முற்றத்துப் பந்தல், சுண்ணம் இடிக்கிற சத்தம், படலைக்கு வெளியே பறை, நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு சுற்றிவருகிற சின்னஞ்சிறுசுகள். பந்தலுக்குள் நீள வாங்கிலில் இருந்த கிழவர்கள் ஒவ்வொருவரிடமும் செத்தவரைப் பற்றி ஒரு கதை இருக்கும். எட்டுச் செலவுப் படையல் வரைக்கும் கதைத்துக் கதைத்தே ஒரு மனிதரின் வாழ்க்கை பேரப்பிள்ளைகளின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே மண்டபம் சில மணித்தியாலம்தான். கதை தெரிந்தவர்களில் பாதிப் பேர் லண்டனிலும் பாரிசிலும் இருந்து திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வாங்கிலின் வேலையைச் செய்யக்கூடியதாக எங்களிடம் மிச்சமிருப்பது 31 ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம். இப்போது கைக்கு வருகிறவற்றில் சிவபுராணமும் தேவாரமும் பாதி, படங்களும் நன்றி நவிலலும் மீதி. வாழ்க்கை வரலாறு ஒரு பக்கம். அதிலும் "எல்லோருடனும் அன்பாகப் பழகுபவர், விருந்தோம்பலில் சிறந்தவர்". பெயரை மாற்றினால் அடுத்த வீட்டு ஐயாவுக்கும் பொருந்தும். தேவாரம் எந்த வீட்டிலும் கிடைக்கும். ஐயா 1956 இல் எங்கே வேலை செய்தார் என்பது இந்த ஒரு புத்தகத்தில் மட்டும்தான் கிடைக்கும். ஆகவே முதல் கிழமையே வரலாற்றில் தொடங்குங்கள். கடைசியில் எழுதலாம் என்று விட்டால் 28 ஆம் நாள் இரவு யாரோ ஒரு மருமகன் தனியே இருந்து எழுதுவார்.

முதலில் பிறந்த நாள். பழைய இலங்கை அடையாள அட்டை இருந்தால் எடுங்கள். ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அந்த மூன்றோடு 500 கூட்டியிருக்கும். 33217 என்று தொடங்கினால் 1933 இன் 217 ஆம் நாள். இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எந்த வருடமும் 29 நாள். ஆகவே 217 என்பது ஆகஸ்ட் 4. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் 5 என்று வரும். சாதகக் குறிப்பில் வேறு திகதி இருந்தால் பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்த காலம் அது. இரண்டையும் போட்டு, எது எதிலிருந்து எடுத்தது என்று எழுதிவிடுங்கள்.

அடுத்தது கேட்பது. ஆச்சியிடம் போய் "ஐயாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றால் "நல்ல மனுசன், என்னத்தைச் சொல்ல" என்பதோடு முடிந்துவிடும். சம்பவத்தில் கொழுவிக் கேளுங்கள். யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். அதில் முதன்முதல் ஏறி எங்கே போனார்? அதே வருடம் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அரச எழுதுவினைஞர்களில் சிங்களம் சித்தியடையாமல் சம்பள உயர்வு நின்றுபோனவர்கள் இருந்தார்கள். ஐயா சோதனை எடுத்தாரா, மறுத்தாரா? தோட்டக்காரர் என்றால் 1970களில் வெங்காயமும் மிளகாயும் விலை போன வருடங்களைக் கேளுங்கள், எந்தக் காசில் கிணறு கட்டினார் என்று வரும். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவு எங்கே நின்றார்? 1983 கலவரத்தில் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்தாரா? 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து செம்மணி வீதியால் நடந்தபோது எதைத் தூக்கிக்கொண்டு போனார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மறுமொழி இல்லாத வலிகாமத்து வீடு மிகக் குறைவு. தையல் மெசின், ஓய்வூதியப் புத்தகம், சாமிப்படம், கன்றுக்குட்டி என்று வரும். அந்த ஒரு பொருளை எழுதினாலே மனிதர் எழும்பி நிற்பார்.

ஊரில் இருக்கிற தம்பியாரையும் சகலனையும் விடாதீர்கள். கோடையில் இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே விடிய 6.30, வயதானவர்கள் ரீ குடித்துக்கொண்டு நல்ல தெளிவோடு கதைக்கிற நேரம். கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு எழுதலாம்.

திதிக்கு வருவோம், அதாவது உயிர் பிரிந்த சந்திர நாள். வருடாவருடம் திவசம் இதில்தான் தங்கியிருக்கிறது. ஒரு திதி ஏறத்தாழ 19 முதல் 26 மணித்தியாலம் நிற்கும். தொடக்கமும் முடிவும் உலகம் முழுவதற்கும் ஒரே கணம். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் இலங்கை நேரத்தில் அச்சடித்தது. ரொறன்ரோவில் ஆகஸ்ட் 10 இரவு 8 மணிக்கு உயிர் பிரிந்தால் அங்கே 11 ஆம் திகதி விடிய 5.30. கோடையில் 9.30 மணித்தியாலமும் குளிர்காலத்தில் 10.30 உம் கூட்டிய பிறகுதான் பஞ்சாங்கத்தைத் திறக்க வேண்டும். 10 ஆம் திகதி வரியை அப்படியே வாசித்தால் முந்திய திதி விழுந்துவிடலாம். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கங்களும் சில மணித்தியாலம் வேறுபடுவதால், குடும்பம் எதைப் பின்பற்றுகிறது என்று குருக்களுக்குச் சொல்லிவிடுங்கள். பழைய திதிகளைச் சேர்த்துப் போடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: 1996 மே மாதம் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை மணிக்கூடு முன்னே தள்ளியிருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. ஆச்சி 1999 இல் வன்னியில் காலமானார் என்றால் எந்த நேரத்தைக் குறித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இறந்த நாளைப் பாட்டாகச் சொல்லுகிற திதி வெண்பாவில் வருடம், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி, பெயர் ஐந்தும் வர வேண்டும். விசுவாவசு என்ற தமிழ் வருடப் பெயர் எழுதுகிறவர்களைச் சோதிக்கும். ஒரே சீராக வைத்தால் நிரை நேர் நிரை, கனிச்சீர்; வெண்பாவுக்கு ஆகாது. "விசுவா வசுவாண்டு" என்று பிரித்தால் முதற்சீர் புளிமா, அடுத்த சீர் நிரையில் தொடங்கும், தளை (சீர்களின் இணைப்பு) தட்டாது.

வம்சாவழியில் சிக்கல் குடும்பப் பெயரில். இங்கே தகப்பனின் பெயரே குடும்பப் பெயராகப் பதியப்படுவதால் ஐயா, மகன், பேரன் மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர். கனடாவில் பிறந்த பிள்ளைக்கு அது ஒரே குடும்பமாகவே தெரியாது. ஐயாவுக்கு 1, பிள்ளைகளுக்கு 1.1, 1.2, பேரப்பிள்ளைகளுக்கு 1.1.1 என்று இலக்கமிட்டு, ஒவ்வொருவரும் பிறந்த ஊரையும் போடுங்கள். வரலாற்றையும் வம்சாவழியையும் ஆங்கிலத்திலும் கட்டாயம் கொடுங்கள். சுருக்கிக் கொடுக்காதீர்கள், முழுக்கக் கொடுங்கள்.

அச்சுக்குப் போகுமுன்: நடுவில் கம்பி அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கால் பிரிபட வேண்டும். ஊரிலிருந்து வருகிற கட்டுரைகள் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வரும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒருவர் இருந்து முழுவதையும் வாசிக்க வேண்டும். சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் (dpi) குறையாமல் ஸ்கான் செய்யுங்கள். கைபேசியால் எடுத்தால் வெளிச்சம் தெறிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடம், வருடம், நிற்பவர்கள் இடமிருந்து வலமாக. வருடம் தெரியாவிட்டால் யாருடைய கலியாணம் என்றாவது போடுங்கள்.

அடிக்கும்போது சில பிரதிகள் கூடப் போடுங்கள். இரண்டு ஐயாவின் ஊர் வாசிகசாலைக்கு. மின்பிரதியை "நூலகம்" (noolaham.org) என்ற இணையத்தளத்துக்கு அனுப்புங்கள். நினைவு மலர்களை அவர்கள் சேர்த்து வைக்கிறார்கள். ஒலிப்பதிவுகளும் படங்களின் மூலப்பிரதிகளும் யாரிடம் இருக்கின்றன என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.