பலகையில் விட்டுப்போன வரி

"'ஜெர்மன் அதிகாரி'ன்னு மட்டும் போட்டா போதுமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டபோது, போதும் என்றேன். நான்கு மாதமாகியும் அந்தப் 'போதும்' உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அண்டார்டிகா கண்காட்சிக்கான பலகை அது. நம் மைத்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் சோலை (பனி மூடாத நிலம்), அதற்குத் தெற்கே வோல்டாட் மலைத்தொடர். 'பெயர் வந்த கதை' என்று ஒரு சின்னக் கட்டம். அவர் எழுதிக்கொண்டு வந்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 1938-39இல் ரிட்ஷர் தலைமையில் ஹிட்லரின் அரசு ஒரு கப்பலை அனுப்புகிறது, மார்கரின் என்ற செயற்கை வெண்ணெய் செய்யத் திமிங்கில எண்ணெய் வேண்டுமே, அதற்காக. கப்பலிலிருந்து பறந்த இரண்டு விமானங்கள் மலைகளைப் படமெடுக்கின்றன, இடம் தங்களுடையது என்று காட்ட ஸ்வஸ்திகா பொறித்த அம்புகளைப் பனியில் போடுகின்றன. மலைத்தொடருக்குப் பெயரான ஹெல்முட் வோல்டாட், ஹிட்லரின் அமைச்சர் கோரிங்கின் அலுவலகத்தில் இருந்துகொண்டு இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர்.

ஹிட்லரிலிருந்து அம்பு வரை சிவப்பு மையில் அடித்தேன், கோரிங்கையும். வோல்டாட் வெறும் 'ஜெர்மன் அதிகாரி' ஆனார். காரணம் இருந்தது. வருகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள். நம்மூர்க் கணக்கு நோட்டில் போடுகிற சின்னம் அங்கே எப்படிப் போனது என்று விளக்க இன்னொரு பலகை வேண்டும். இடமும் இல்லை. இன்றைக்கும் அது தப்பான காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவர் விடவில்லை. "ஷிர்மாக்கர் விமானத்துல போய்ப் பார்த்தவர். பக்கத்து மலைக்குப் பேரான குரூபர், அந்தப் படங்களை வச்சு வரைபடம் போட்டவர். வோல்டாட் பெர்லின்ல உட்கார்ந்திருந்தவர். மூணு பேரையும் ஒரே மாதிரி எழுதறோமே சார்."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை, அடுத்த பலகையை எடுத்தேன். நேரமில்லாததால்தான் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். பதில் இல்லாததாலும் இருக்கலாம். ஜெர்மனி கோரிய உரிமை நிலைக்கவில்லை, பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. அப்படி நின்ற பெயரை விளக்கமில்லாமல் தமிழில் எழுதியது நான்தானே?

பலகை அச்சாகி வந்தபோது கட்டத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இடம் கிடந்தது. அவரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

திறப்பு நாளில் ஒரு பையன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கேட்டான்: "அந்த அதிகாரி மலை ஏறினாரா?"

"இல்லப்பா, அவர் அந்தப் பயணத்துக்கே போகலை."

"அப்புறம் ஏன் அவர் பேரு?"

அந்தப் பெண் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நீயே சொல்லும்மா என்று தள்ளி நின்றேன்.